கால் மணி நேரக் காற்று: உலோகப் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் செவித்திறன் இழப்பு

இந்த ஆய்வில் வரும் தொழிலாளி தனி ஒருவர் அல்ல. உலோகப் பட்டறைகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் வேலைமுறை, காதுச் சோதனை முடிவு, கோப்புக் குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்து வரைந்த நிகழ்வு இது. டெசிபல் எண்கள் அந்தந்த வேலையில் சாதாரணமாக வரக்கூடியவை. கணக்கு மட்டும் நிஜக் கணக்கு. பேனா எடுத்து யாரும் சரிபார்க்கலாம்.

வந்த காரணம்

அவருக்கு 44 வயது. வார்ப்புப் பாகங்களிலும் தகடுகளிலும் பிசிறு தட்டி, கிரைண்டர் பிடித்து, டேப் போட்ட (மரை வெட்டிய) துளைகளை ஏர் கன்னால் ஊதிச் சுத்தம் செய்து அடுத்த மேசைக்குத் தள்ளுவது வேலை. 19 வருட சர்வீஸ். காது கேட்கவில்லை என்று அவர் வரவில்லை. தூக்கம் வரவில்லை என்று வந்தார். இரவில் வீடு அடங்கியதும் இரண்டு காதிலும் கீச்சென்று ஒரு ரீங்காரம், விடியும் வரை. காது எப்படிக் கேட்கிறது என்று கேட்டதற்கு, "நல்லாத்தான் கேக்குது சார். பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் பிடிபட மாட்டேங்குது" என்றார்.

கூட வந்த மனைவி அதை ஒப்புக்கொள்ளவில்லை. "ரெண்டு தடவ சொன்னா 'என்ன?'ங்கறாரு. மூணாவது தடவ சொன்னா 'ஏன் கத்துற?'ங்கறாரு."

நோயறிதலில் பாதி இந்தப் பேச்சிலேயே இருக்கிறது. பேச்சின் உரப்பைத் தருபவை பெரும்பாலும் உயிரொலிகள்; அவற்றின் ஆற்றல் கீழ் அதிர்வெண்களில் இருக்கிறது. க, ச, த, ப என்று வல்லின ஒலிகளைப் பிரித்துக் காட்டும் கூறுகளோ பெரிதும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மெலிதாக நிற்பவை. மேலே உள்ளது போய்விட்டால் 'கட்டு' என்றாலும் 'தட்டு' என்றாலும் 'அட்டு' என்றுதான் காதில் விழும். குரல் விழுகிறது, சொல் விழுவதில்லை. 'ஏன் கத்துற' என்பதும் கோபம் மட்டுமல்ல. மெல்லிய ஒலியைப் பெருக்கித் தரும் உட்காதின் வெளி மயிர்ச் செல்கள் கெட்டால் அந்த ஒலி மறைந்துவிடும். உரத்த ஒலி மட்டும் பழைய உரப்போடு அப்படியே வரும். கேட்காமைக்கும் காது வலிப்பதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி சுருங்கிவிடுகிறது.

காதுப் பரிசோதனை

சோதனையைத் திங்கட்கிழமை காலை, ஷிஃப்ட் ஏறுவதற்கு முன் வைத்தார்கள். காரணம் உண்டு. சத்தத்திலிருந்து வெளியே வந்த உடனே சோதித்தால் காதின் தற்காலிகக் களைப்பும் நிரந்தரச் சேதமும் கலந்து தெரியும். முதல் சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் வேலையிடச் சத்தம் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகமான ஓஷாவின் விதி. வேறு இடங்களுக்கும் அது நல்ல வழிகாட்டிதான்.

காதில் அழுக்கு அடைப்பு இல்லை, சவ்வு நன்றாக இருந்தது, நடுக்காதின் அழுத்தமும் இயல்பு. இசைக்கவைச் சோதனை, பழுது ஒலி கடத்தும் பாதையில் இல்லை, உணரும் இடத்தில்தான் என்று காட்டியது. ஆடியோகிராம் என்பது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் காதில் விழும் மிக மெல்லிய ஒலியின் அளவைக் காட்டும் தாள்; எண் கூடினால் இழப்பு அதிகம், கோடு கீழே இறங்கும். அதில் வலது காது 500, 1000 ஹெர்ட்ஸில் 15 டெசிபல், 2000இல் 25, 3000இல் 45, 4000இல் 60, 6000இல் 55, பிறகு 8000இல் மறுபடி 35. இடது காதும் இதே வடிவம், 2000இலிருந்து மேலே 5 டெசிபல் மோசம்.

4000இல் பள்ளம் விழுந்து 8000இல் மேலேறும் இந்தக் கோடுதான் இரைச்சல் விட்டுப்போகும் தடம். வயதால் வரும் இழப்பு 8000 வரை சரிந்துகொண்டே போகும், திரும்பி ஏறாது. பள்ளம் அந்த இடத்தில் விழுவதற்குக் காதுக் குழாயும் ஒரு காரணம். ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் குழாய் 3000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியைத் தானே பெருக்கித் தருகிறது; சேதம் அதற்குச் சுமார் அரை ஆக்டேவ் (அதிர்வெண் இரட்டிப்பானால் ஒரு ஆக்டேவ்) மேலே தெரிகிறது. ஒரு காதில் வெளி மயிர்ச் செல்கள் சுமார் 12,000, உள் மயிர்ச் செல்கள் சுமார் 3,500. மனிதர்களுக்கு அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. அதனால் மருந்து என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை.

சரி, வேறு ஏதாவது இருக்கலாமா? இரண்டு காதுக்கும் வித்தியாசம் 15 டெசிபலைத் தாண்டியிருந்தால் நரம்பில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும். இங்கே அவ்வளவு இல்லை. சீழ் வடிந்த வரலாறு இல்லை, துப்பாக்கி, வெடிப் பழக்கம் இல்லை, காதைக் கெடுக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் வகை ஊசிகள் போட்டதில்லை. ஒன்று மட்டும் குறித்து வைக்க வேண்டியதாக இருந்தது: பாகங்களில் இருக்கும் எண்ணெயை அவர் தின்னர் நனைத்த துணியால் துடைக்கிறார். தின்னரில் இருக்கக்கூடிய டொலுவீன், சைலீன் போன்றவை இரத்தத்தின் வழியாக உட்காதுக்குப் போய்த் தாமே சேதம் செய்யக்கூடியவை. சத்தத்தோடு சேரும்போது நிலைமை இன்னும் மோசமாகும். டெசிபல் மட்டும் அளக்கும் ஆய்வாளர் கண்ணில் அந்தத் துணி படாது.

கோப்பில் எழுதியிருந்த 'இயல்பு'

இந்த நிகழ்வில் என்னை அதிகம் உறுத்துவது கோப்புதான். சோதனை நடக்காமல் இல்லை. வேலையில் சேர்ந்தபோது ஒன்று, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. எல்லாத் தாள்களிலும் ஒரே முத்திரை: செவித்திறன் இயல்பு.

பொய் எழுதவில்லை. 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் மூன்றின் சராசரி 25 டெசிபலுக்குள் இருந்தால் இயல்பு என்ற பழைய அளவுகோலை வைத்துப் போட்டிருக்கிறார்கள். இன்றைய தாளையே அப்படிப் போட்டால் வலது காது 18, இடது காது 20. இரவு தூங்க முடியாத, எதிரில் நிற்பவர் சொல்வது புரியாத மனிதர் அந்தக் கணக்கில் இன்றைக்கும் இயல்புதான். இரைச்சல் எந்த இடத்தைக் கடிக்குமோ அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றதைச் சராசரி போட்டால் வேறென்ன கிடைக்கும்?

பார்க்க வேண்டியது சராசரி எவ்வளவு என்பதல்ல, அவருடைய சொந்த முதல் தாளிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பது. ஓஷா முறையில் 2000, 3000, 4000 மூன்றின் சராசரி, முதல் சோதனையைவிட 10 டெசிபல் ஏறினால் மணி அடிக்க வேண்டும். சேர்ந்தபோது வலது காதில் அந்த மூன்றும் 10, 10, 15. ஐந்தாம் ஆண்டுத் தாளில் 10, 20, 35. சராசரி 11.7இலிருந்து 21.7. சரியாக 10. மணி அன்றே அடித்திருக்க வேண்டும், 14 ஆண்டுகளுக்கு முன்பு. எண்கள் எல்லாம் தாளில் இருந்தன. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

இரைச்சல் இழப்பு முதல் 10, 15 ஆண்டுகளில்தான் வேகமாக நடக்கும், அப்புறம் மெதுவாகும். ஆகவே ஐந்தாம் ஆண்டில் கண்டுபிடிப்பதும் பத்தொன்பதாம் ஆண்டில் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல. பெரும்பகுதி இழப்பு அந்த இடைவெளியில் நடந்துவிட்டது.

பட்டறைத் தரையில்

கோப்பில் சத்த அளவும் இருந்தது: '88 டெசிபல். இயர் பிளக் வழங்கப்பட்டது.' ஒலிமானியைக் கையில் பிடித்து ஷெட்டின் நடுவில் நின்று எடுத்த அளவு அது. ஷெட்டுக்கு அது சரியான எண். ஆனால் ஷெட்டின் நடுவில் யாரும் வேலை செய்யவில்லை.

இந்த முறை அவர் உடம்பிலேயே டோசிமீட்டர், அதாவது நாள் முழுக்கச் சத்தத்தைப் பதியும் மானி, மாட்டப்பட்டது. மைக் தோளில், காதுக்குக் கொஞ்சம் கீழே. நாள் முழுக்க ஓடியது. கூடவே ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து எந்த நேரத்தில் என்ன வேலை என்று குறித்தார். இந்த இரண்டாவது வேலையைப் பல இடங்களில் செய்வதில்லை. எண் மட்டும் இருந்து கதை இல்லாவிட்டால் எதைத் திருத்துவது என்று தெரியாது. மாலையில் வரைபடத்தைத் திரையில் போட்டால் மேடு பள்ளமாக ஒரு கோடு, அதன்மேல் ஈட்டி நட்டதுபோல் குறுகலாக, நாள் முழுக்கச் சிதறிய கூர்முனைகள். ஒவ்வொன்றும் சில விநாடிகள்தான். நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் எல்லாம் ஏர் கன்.

நாளைப் பிரித்தால் இப்படி வருகிறது. மேசையில் அடுக்குவது, அளப்பது, துடைப்பது போன்ற வேலைகளில் 5 மணி நேரம், சுற்றிலும் 88 டெசிபல். கிரைண்டிங் 2 மணி நேரம், 97. சுத்தியலால் தட்டுவது 45 நிமிடம், 94. ஏர் கன் ஊதுவது, சிதறல்களை எல்லாம் கூட்டினால் 15 நிமிடம், 109.

அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் எல்லை 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதி நேரம் பாதியாகும், ஏனென்றால் 3 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இரட்டிப்பாகிறது. 88க்கு 4 மணி நேரம், 94க்கு 1 மணி, 97க்கு அரை மணி, 109க்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. அவர் இருந்த நேரத்தை அனுமதி நேரத்தால் வகுத்துக் கூட்டுவோம். சுற்றுச் சத்தம் 1.25, கிரைண்டிங் 4, சுத்தியல் 0.75, ஏர் கன் 8. மொத்தம் 14. ஒரு நாளில் 14 நாள் சத்தம். எட்டு மணி நேரச் சராசரியாகச் சொன்னால் 96.5 டெசிபல்.

அந்தப் பதினான்கில் எட்டு, கால் மணி நேரக் காற்றிலிருந்து வருகிறது.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லா விதிகளும் 3 டெசிபல் கணக்கைப் பின்பற்றுவதில்லை. ஓஷாவின் சட்ட எல்லை 90 டெசிபல், 5 டெசிபலுக்கு ஒருமுறைதான் நேரம் பாதியாகும், 90க்குக் கீழான சத்தம் கணக்கில் சேராது. அந்த வாய்பாட்டில் இதே நாளைப் போட்டால் மொத்தம் சுமார் 1.26தான் வருகிறது, அதில் ஏர் கன் மூன்றில் ஒரு பங்கு, பெரும்பங்கு கிரைண்டருக்குப் போய்விடுகிறது. அதே தொழிலாளி, அதே நாள், ஆனால் குற்றவாளி மாறிவிடுகிறது. குறுகிய, கடுமையான சத்தத்தை 5 டெசிபல் கணக்கு மென்மையாக நடத்துகிறது. எந்த நாட்டில் எந்த விதி இருந்தாலும், எதைத் திருத்துவது என்று முடிவெடுக்க 3 டெசிபல் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

பிளக்கை ஏன் கழற்றினார்

சூப்பர்வைசர் முதலில் சொன்னது எல்லா இடத்திலும் கேட்கும் பதில்: "பிளக் குடுத்தாச்சு, இவங்கதான் போட மாட்டாங்க." கூட உட்கார்ந்து பார்த்தவர் கண்டது வேறு. தொழிலாளி காலையிலிருந்து பிளக்கோடுதான் இருந்தார். ஏர் கன்னை எடுக்கும்போது மட்டும் இடது கை தானாகக் காதுக்குப் போய்ப் பிளக்கை இழுத்தது.

"ஏண்ணே கழட்டுறீங்க?"

"தொள தொறந்துச்சான்னு காத்துச் சத்தத்துலதான் தம்பி தெரியும். சீவல் அடைச்சிருந்தா 'புஸ்'ஸுன்னு வரும், போயிட்டா விசில் மாதிரி வரும். பிளக்க வெச்சுக்கிட்டு அது எப்படிக் கேக்கும்?"

அது சோம்பேறித்தனம் அல்ல, தரக் கட்டுப்பாடு. துளையில் சீவல் இருந்துவிட்டால் போல்ட் ஏறாது, பாகம் திரும்பி வரும், பெயர் கெடும். அந்தப் பரிசோதனைக்கு அவரிடம் இருந்த ஒரே கருவி காது. இன்னொன்றும் நோட்டில் இருந்தது: ஊதும்போது அவர் தலையைத் துளைக்கு மிக அருகே குனிந்து வைத்தார், பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்த பையன் அப்படிக் குனியவில்லை. அந்த விசில் ஒலி ஏறக்குறைய அவர் காதில் பள்ளம் விழுந்த அதே அதிர்வெண்களில் வருவது. கேட்பது குறையக் குறைய இன்னும் கிட்டே குனிகிறார், இன்னும் நீளமாக ஊதுகிறார், காதுக்குப் போகும் சத்தம் இன்னும் ஏறுகிறது.

கழற்றும் அந்தக் கால் மணி நேரம் பிளக்கின் பலனை என்ன செய்கிறது என்று பார்க்கலாம். மீதி நேரம் முழுக்கப் பிளக் அச்சுப் பிசகாமல் 20 டெசிபல் குறைத்ததாகவே வைத்துக்கொள்வோம். மற்ற வேலைகளின் 6 என்ற பங்கு 0.06 ஆகிவிடும். காற்றின் 8 அப்படியே நிற்கும். மொத்தம் 8.06, அதாவது 94.1 டெசிபல். காதில் நாள் முழுக்க 20 டெசிபல் பிளக்கைச் சுமந்தவருக்குக் கிடைத்தது 2.4 டெசிபல் பாதுகாப்பு.

அந்த 20 டெசிபலும் உண்மையில் இல்லை. பொருத்தச் சோதனை செய்தபோது, உறையில் 30 என்று அச்சிட்ட நுரைப் பிளக் அவருடைய வலது காதில் 22, இடது காதில் 9 மட்டுமே குறைத்தது. வலது கையால் தலைக்குப் பின்னால் சுற்றி இடது காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால்தான் குழாய் நேராகும். அதை யாரும் காட்டித்தரவில்லை. உருட்டி நுழைத்து, நுரை விரியும் வரை சுமார் அரை நிமிடம் விரலால் பிடிக்க வேண்டும் என்பதும் தெரியாது. ஆய்வகத்தில் எடுத்த எண் வேலையிடத்தில் கிடைக்காது என்பதால் நுரைப் பிளக்குக்கு அச்சிட்ட எண்ணில் பாதியைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறது நியோஷ். இடது காதுக்கு அந்தப் பாதிகூட வரவில்லை.

செய்த மாற்றங்கள்

முதலில் கை வைத்தது காற்றில். ஏர் கன்னின் முனை வெறும் திறந்த குழாய். அதை எடுத்துவிட்டுப் பல சிறு துளைகள் கொண்ட இரைச்சல் குறைந்த நாசில் போடப்பட்டது. லைன் அழுத்தம் ரெகுலேட்டர் வைத்துக் குறைக்கப்பட்டது. காற்றுத் தாரையின் ஒலியாற்றல் அதன் வேகத்தின் எட்டாம் படியோடு ஏறுகிறது என்று பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் 1952இல் நிறுவினார். கோட்பாட்டளவில் வேகத்தைப் பாதியாக்கினால் 24 டெசிபல் இறங்கும். நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. இங்கே நாசிலும் அழுத்தமும் சேர்ந்து 12 இறங்கியது. சுத்தம் செய்யும் காற்றின் அழுத்தம் 30 பிஎஸ்ஐக்குள் (பிஎஸ்ஐ அழுத்த அலகு) இருக்க வேண்டும் என்று ஓஷாவுக்கு ஏற்கெனவே ஒரு விதி உண்டு. காதை நினைத்து எழுதியதல்ல, உடம்பில் காற்றும் சீவலும் ஏறாமல் இருக்க எழுதியது. காதுக்கும் உதவுகிறது.

நாசில் மாற்றினால் மட்டும் போதாது, அவருக்குத் துளை திறந்ததா என்று தெரிய வேண்டுமே. அதற்கு ஆழக் குறி போட்ட ஒரு கம்பிப் பின் கொடுக்கப்பட்டது. ஊதியபின் துளைக்குள் விட்டால் குறி வரை இறங்க வேண்டும், இறங்காவிட்டால் சீவல் இருக்கிறது. மொத்த நடவடிக்கையிலும் செலவு குறைந்தது இதுதான், பலன் அதிகமானதும் இதுதான். பிளக்கைக் கழற்றும் காரணமே போய்விட்டது.

தகடு கிரைண்ட் செய்யும்போது கல்லைவிடத் தகடு அதிரும் சத்தமே பெரிது. காந்தம் பதித்த ரப்பர் பாயைத் தகட்டின் மேல் ஒட்டியதும் 97 என்பது 91 ஆனது. பக்கத்து பவர் பிரஸ்ஸின் காற்று வெளியேறும் வாய்களில் சைலன்சர் போட்டதில் சுற்றுச் சத்தம் 88இலிருந்து 85. தின்னர் போய் நீர் கலந்த கிளீனர் வந்தது, வெளியேற்றும் விசிறியும் வந்தது.

புதுக் கணக்கு: காற்று 0.5, கிரைண்டிங் 1, சுத்தியல் 0.75, சுற்றுச் சத்தம் 0.63. மொத்தம் 2.88, சராசரி 89.6 டெசிபல். எல்லைக்கு இன்னும் மேலேதான், ஆனால் இப்போது பிளக்கிடம் கேட்பது 5 டெசிபலுக்குக் கொஞ்சம் குறைவு. சுமாராகப் போட்டாலும் அதைத் தந்துவிடும். பிளக்கும் மாறியது. சாதாரண நுரை மேல் அதிர்வெண்களை அதிகமாக வெட்டும். ஏற்கெனவே அங்கே இழந்தவருக்கு அதைப் போட்டால் எதிரில் பேசுபவர் சொல்வது சுத்தமாகப் புரியாது. எல்லா அதிர்வெண்ணையும் ஏறக்குறைய ஒரே அளவில், சுமார் 15 டெசிபல் குறைக்கும் வகை அவருக்குக் கொடுக்கப்பட்டது. முப்பது குறைக்கும் பிளக் கழற்றப்படும், பதினைந்து குறைக்கும் பிளக் காதில் இருக்கும்.

பின்புறம் வரும் ஃபோர்க்லிஃப்டின் ஒலிப்பானை அவர் சரியாகப் பிடிப்பதில்லை என்பது பேச்சுவாக்கில் தெரியவந்தது. வண்டிகளுக்குத் தரையில் நீல வெளிச்சம் விழும் விளக்கு மாட்டப்பட்டது.

அடுத்த ஆண்டுச் சோதனை

கோடு அப்படியே இருந்தது, எல்லா அதிர்வெண்ணிலும் 5 டெசிபலுக்குள். சத்தம் நின்றால் இரைச்சல் இழப்பு மேற்கொண்டு பெரிதாக வளர்வதில்லை, ஆனால் திரும்பியும் வராது. அதனால் 'அப்படியே' என்பதே இங்கு நல்ல முடிவு. மேல் அதிர்வெண்களை மட்டும் பெருக்கும் செவித்துணைக் கருவியை வீட்டிலும் கூட்டத்திலும் போடுகிறார், பட்டறையில் கழற்றி வைக்கிறார். ரீங்காரம் நிற்கவில்லை. படுக்கையறையில் மெல்லிய ஒலி ஒன்றை ஓடவிட்டுத் தூங்கப் பழகியிருக்கிறார். தூக்கம் பரவாயில்லை என்கிறார்.

ஆடியோகிராம் சொல்லாததும் இருக்கக்கூடும். 2009இல் காது ஆய்வாளர்கள் குஜாவாவும் லிபர்மனும் எலிகளில் காட்டியது போல, கேட்கும் அளவு பழையபடி திரும்பிய பிறகும் உள் மயிர்ச் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் நிரந்தரமாக அறுந்திருக்கலாம். மனிதர்களில் இது எவ்வளவு என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஆனால் இளம் தொழிலாளி ஒருவர் "சாயங்காலம் காது அடைக்குது, காலைல சரியாயிடுது" என்றால் சரியாகிவிட்டது என்று குறித்துக்கொண்டு விட்டுவிட இனி முடியாது.

அதே மேசையின் மற்றவர்கள் கோப்புகளும் முதல் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. 'இயல்பு' முத்திரை குத்திய சிலருக்கு 10 டெசிபல் நகர்வு தாண்டியிருந்தது. 1886இல் கிளாஸ்கோவின் காது மருத்துவர் தாமஸ் பார், கைக்கடிகார ஒலியை வைத்துக் கொதிகலன் செய்யும் 100 பேரைச் சோதித்தார். ஒருவருக்குக்கூட இயல்பான காது இல்லை. அவரிடம் ஆடியோமீட்டரும் இல்லை, டெசிபலும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் தெரிந்திருந்தது.

ஒரு சிக்கல் மிச்சம். நாசில்களில் ஒன்று சில மாதங்களில் மறுபடி திறந்த குழாயாகக் கிடந்தது. யாரோ தலையைக் கழற்றியிருந்தார்கள். ஆழமான துளைகளில் புது நாசில் சீவலை வெளியே தள்ளவில்லை என்பது காரணம். குறை நியாயமானது. அந்த வகைப் பாகங்களுக்கு மட்டும் உறிஞ்சும் கருவி வாங்கப்பட்டது. நாசில் தலைகள் மாதாந்திரப் பராமரிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, இரண்டு தலைகள் ஸ்டோரில் உபரியாக வைக்கப்பட்டிருக்கின்றன.